என்னைப் போல் செய்யாதீர்கள்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் மழை, மதியம் வெயில், சாயங்காலம் மறுபடி மழை. போர்வையைக் கொடியில் போடுவதும் எடுப்பதுமாகவே பொழுது போயிற்று. இந்தத் தீவில் துணி காய்வதற்குள் கிழிந்துவிடும்.

விருந்தாளி வந்துவிட்டான். பெயர் பாஸ். ஹாலந்துக்காரன். வந்ததும் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். ஜூலைக்குப் பிறகு எங்கள் விடுதிக்கு வரும் முதல் ஆள். விடுதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மாமியார் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை, கொசுவலை, கடல் தெரிகிற ஜன்னல். துபாய் ஓட்டலில் நான் அறை துடைத்துக்கொண்டும் என் கணவன் மெல்கி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டும் இருந்த காலத்திலேயே, இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் இருக்கும் தன் ஊருக்குப் போய் இரண்டு அறை கட்டி வெள்ளைக்காரர்களுக்கு மீன் சுட்டுப் போடலாம் என்பான். கட்டிமுடிக்கக் காசு சேர்க்கிறேன் என்று கப்பல் வேலைக்குப் போனவன், அங்கேயே விழுந்து இறந்தான். சவப்பெட்டியோடு நான் இங்கே வந்து இறங்கினேன். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் தூத்துக்குடிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். மாமியும் நானுமாக அறைகளைக் கட்டி முடித்தோம். அது ஆகிறது இரண்டு வருடம்.

மாமி இன்றும் பெரிய மீன் துண்டை என் தட்டில்தான் வைத்தாள். கிணற்றடிக்குப் போனால் வாளியை முதலில் என் கையில் தருகிறார்கள். கோயிலில் முன் பெஞ்சு. நான் பானையை உடைத்தாலும் மாமி, "பரவாயில்ல, நீங்க உக்காருங்க" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

(இவர்கள் பேசுவது அம்போன் மலாய். என் காதில் எல்லாம் தூத்துக்குடித் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.)

அண்ணன் போன் செய்தான்.

"ஏட்டி ஜெசிந்தா, எப்ப வார?"

"சீசன் முடியட்டும்ணே."

"போன வருசமும் இதத்தான சொன்ன."

சிக்னல் போய்விட்டது. போகவில்லை, நான்தான் வைத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

பாஸ் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டான். கரையில் ஒரு கழி நட்டு, அதில் குருத்தோலை கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறான். யாருக்காவது கல்யாணமா என்றான். சாசி என்று சொன்னேன். சாசி என்றால் தடை. அந்தக் கழிக்கு நேரே இருக்கிற பாறைத் திட்டில் இப்போது லோலா எடுக்கக் கூடாது. லோலா கூம்பு மாதிரி ஒரு சிப்பி, ஓட்டுக்குள் முத்துப் பளபளப்பு இருக்கும், சட்டைப் பொத்தான் செய்ய வாங்கிப் போகிறார்கள். அது வளரட்டும் என்று கோயிலில் ஜெபம் பண்ணி மூடிவிடுவார்கள். வளர்ந்தபின் ஒரு நாள் திறந்து, ஊரே முங்கி எடுத்து, வீட்டுக்கு வீடு பங்கு வைத்துக்கொள்ளும். மூடியிருக்கும்போது எடுத்தவன் வீட்டில் நோய் விழும் என்பது இவர்கள் நம்பிக்கை. அதற்குமேல் காவலுக்கு ஒத்னியல் இருக்கிறார். அவர் கண்ணுக்கு முன்னால் நோய் எல்லாம் சும்மா.

பேச்சுவாக்கில் என் அப்பா சங்கு குளித்தவர் என்று சொன்னேன். சங்குக் கறியை மிளகு தட்டிப் போட்டு அம்மா வறுப்பதையும் சொன்னேன். வாயில் எச்சில் ஊறியதை அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

சாயங்காலம் லா தாம்ரின் படகில் அவனைச் சுற்றிக்காட்ட அனுப்பினேன். லா தாம்ரின் பூத்தோன் தீவிலிருந்து பிழைக்க வந்தவன். ஊர்க் கோடியில், பள்ளிவாசல் என்று சொல்லி ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடிசை. எனக்கு விருந்தாளி வந்தால் அவனுக்கும் சவாரி. அவன் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போகின்றன, அவன் மட்டும் இன்னும் 'வந்தவன்'.

செப்டம்பர் 5, வெள்ளி

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 6, சனி

பாஸ் முதல் படகிலேயே போய்விட்டான். அறையைக் கூட்டினேன். குளியலறைத் திட்டில் இரண்டு லோலா ஓடு கிடந்தது. கரையில் செத்து ஒதுங்கியதைப் பொறுக்கியிருப்பான். இருந்தாலும் வீட்டில் வைத்தால் வீண்பேச்சு. குப்பையோடு எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டேன். எங்கள் பக்கம் எதைப் புதைத்தாலும் பன்றிகள் கிளறி நடுத்தெருவில் போட்டுவிடும். அதனால் பன்றி வளர்க்காத பக்கமாகப் போனேன். நல்ல நடை. வியர்த்துவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோயிலில் போதகர் அறிவித்தார்: அக்டோபரில் சாசி திறக்கப்படும். உல்லாசக் கப்பல் ஒன்று அந்த நாள் பார்த்து வர விரும்புகிறதாம். பெஞ்சுகளில் சலசலப்பு. ஒருவர் வீட்டுக் கூரை, ஒருவர் மகளின் கல்லூரி என்று ஆளாளுக்குத் திட்டம்.

மாமிக்கும் இருக்கிறது. வழியெல்லாம் அதையே பேசிவந்தாள். மெல்கி கல்லறைக்கு டைல்ஸ் போட வேண்டும். வெள்ளை வேண்டாம், வெள்ளை என்றால் பாசி பிடிக்கும், நீலம்.

"நல்லாருக்கும் மாமி."

"உங்களுக்குப் பிடிச்சிருந்தாச் சரி" என்றாள்.

இரவு சாப்பிடவில்லை. பசி இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

விடாத மழை. மலையிலிருந்து தண்ணீர் இறங்கி ஊர்க்கோடியில் கரையை அறுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எந்த இடம் என்று கேட்டேன். எல்லா இடமும்தான் என்றாள் மாமி.

போய்ப் பார்க்கலாம் என்று குடையை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

லா தாம்ரின் குடிசைக்குப் பின்னால், அறுந்த கரையிலிருந்து இரண்டு லோலா ஓடு வெளியே வந்திருக்கிறது. ஒத்னியல் கண்டுபிடித்துவிட்டார்.

நான் போனபோது கூட்டம் கூடியிருந்தது. ஒத்னியல் ஓடுகளைத் தேங்காய் நார்மேல் வைத்துக் காட்டினார். லா தாம்ரின் ஈரச் சட்டையோடு நின்றான்.

"என் கை படல. சாசி என்னன்னு எனக்குத் தெரியாதா? என் புள்ளைங்க இந்தத் தண்ணியிலதான நீந்துது" என்றான்.

"படகு உன்கிட்ட இருக்கு. முங்குற கண்ணாடி உன்கிட்ட இருக்கு. ஓடு உன் வீட்டுக்குப் பின்னால இருக்கு" என்றார் ஒத்னியல். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். மரியாதையாகப் பெண்களை இங்கே நோனா என்பார்கள். "நோனா, உங்க விருந்தாளி ஏதாவது...?"

"அவன் நல்ல பையன்" என்றேன்.

உண்மைதான். நல்ல பையன்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு முடிவு சொல்வார்களாம். அதுவரை லா தாம்ரின் படகு கரையில் கிடக்க வேண்டும். இழுத்து ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். "விடுங்கக்கா, கையில கீறிரும்" என்றான் அவன்.

செப்டம்பர் 13, சனி

போன சனிக்கிழமை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். செத்து ஒதுங்கியவை என்று எழுதியிருக்கிறேன். அவை உயிரோடுதான் வந்தன.

அதற்கு முந்திய நாள் தலைவலி என்று எழுதியிருக்கிறேன். வயிற்றுவலி. அன்று மாமி கிழங்குத் தோட்டத்திலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்து, இஞ்சி தட்டிக் கொதிக்கவைத்துத் தந்தாள். "என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். பழைய மீன் என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைக் கழுவினாள். நான் ஏற்கெனவே கழுவிவைத்திருந்த சட்டி. மிளகு வாடை அத்தனை சீக்கிரம் போகாது.

அதன்பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

முடிவு சொல்லிவிட்டார்கள். சாசி திறப்பதற்குள் லா தாம்ரின் குடும்பம் கரையைக் காலி செய்ய வேண்டும். யாரும் அவனை அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. போதகர் அவர்களுக்காக ஜெபம்கூடப் பண்ணினார்.

மதியம் அவன் மனைவி வா நூரி வந்தாள். ரம்ஜானுக்கு என்னிடம் இரவல் வாங்கிய தேங்காய் துருவியைத் திருப்பித் தர வந்திருந்தாள். நன்றாகத் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் சுற்றியிருந்தது.

"இருக்கட்டும், அப்புறமாத் தாங்க" என்றேன்.

"அப்புறம்னா எப்பக்கா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"எங்க போவீங்க?"

"தெரியல. பூத்தோன்ல அவருக்கு யாருமில்ல. புள்ளைங்களுக்கு அந்த ஊர்ப் பேச்சுகூட வராது."

துருவியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போனபின் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன.

எழுதிவிடுகிறேன். பாஸ் தானாக எடுக்கவில்லை. சங்குக் கறியைப் பற்றிச் சொன்ன அன்றே, "ஒன்னு ரெண்டு கிடைச்சாப் போதும், அந்த ருசியே மறந்துபோச்சு" என்று நான்தான் சொன்னேன். "தடை இருக்கிறதே" என்றான் அவன். "அது ஊர்க்காரர்களுக்கு" என்றேன். மறுநாள் விடிந்ததும் தனியாக நீந்திப் போய் எடுத்துவந்தான். மிளகு தட்டிப் போட்டு வறுத்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று தின்றேன். அவனுக்கு ஒரு துண்டு கொடுத்தேன், ரப்பர் என்று துப்பிவிட்டான். மிச்சம் முழுவதும் நான்தான். சங்குக் கறியின் ருசி அதில் இல்லை. ஆனாலும் தின்றேன், சட்டியை வழித்துத் தின்றேன்.

அது ஊர்க்காரர்களுக்கு. என் வாயால் நானே சொன்னேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்று இரண்டு தடவை ஒத்னியல் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். இன்று உள்ளே போனேன். அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த லோலாவ எடுத்துட்டு வரச் சொன்னது நான். தின்னது நான். புதைச்சதும் நான்தான். லா தாம்ரினுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த தேங்காயை உரித்து முடித்தார்.

"சரி நோனா. போகட்டும். நீங்க வெளியூரு. மன்னிச்சாச்சு. இத யார்ட்டயும் சொல்ல வேண்டாம்."

"அப்ப லா தாம்ரின்?"

"அது சபையில சொல்லியாச்சே."

"இல்லன்னு திரும்பச் சொல்லுங்க."

"யார் பேரச் சொல்லி? சாசிய உடைச்சா, உடைச்ச ஆளு ஊரு முன்னால ஒத்துக்கணும். ஓட்டக் கழுத்துல போட்டுட்டு, தகரத்தத் தட்டிக்கிட்டே, என்னப்போலச் செய்யாதீங்கன்னு இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு நடக்கணும். அப்பதான் அது தீரும். விருந்தாளிய அப்படி நடக்கவிட முடியுமா? ஊருக்கே அவமானம்."

"லா தாம்ரினை ஏன் நடக்கச் சொல்லல?"

"அவனும் வெளியூருதான. வெளியூர்க்காரங்கள மன்னிப்போம், இல்லன்னா அனுப்பிருவோம்."

எனக்கு மன்னிப்பு, அவனுக்கு மூட்டைமுடிச்சு. கத்தக்கூடாது என்று நினைத்தும் கத்திவிட்டேன்.

"என் புருசன் உங்க மண்ணுலதான கிடக்கான். நான் எப்படி விருந்தாளி?"

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அத நான் சொல்ல முடியாது. பெத்ரோனெலா சொல்லணும். நீங்க அவ வீட்டு ஆளுன்னு அவ சொன்னா நீங்க நடக்கலாம். ஆனா ஒண்ணு. உடைச்ச வீட்டுக்குத் திறப்புல பங்கு கிடையாது. அதையும் அவகிட்டச் சொல்லுங்க."

பெத்ரோனெலா என் மாமி. பங்கு என்றால் நீல டைல்ஸ்.

செப்டம்பர் 17, புதன்

மாமியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பங்கையும் சொன்னேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் சீவிக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். இருட்டுவதற்குள் வந்தாள். சாப்பாடு போட்டாள். பெரிய துண்டு என் தட்டில்.

செப்டம்பர் 18, வியாழன்

போர்வை துவைத்தேன். யாரும் படுக்காத போர்வை.

லா தாம்ரின் கூரைத் தகரத்தைப் பிரிக்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் எழுந்து அடுப்படிக்குப் போனேன். மேசைமேல் பெரிய பிஸ்கட் டின், கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் அந்த இரண்டு லோலா ஓடு. ஒத்னியலிடமிருந்து மாமிதான் வாங்கிவந்திருக்கிறாள். ஆணியால் துளை போட்டு, மெல்கியின் பழைய தூண்டில் நரம்பில் கோத்திருந்தாள்.

மாமி தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

செப்டம்பர் 20, சனி

நடந்தேன். இன்றே எழுதிவிட வேண்டும்.

ஒத்னியல் கோயில் மணியை அடித்தார். சனம் வாசல்களில் வந்து நின்றது. நான் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டேன். டின்னைத் தட்டினேன். முதல் தடவை குரலே வரவில்லை. "சத்தமா" என்றார் ஒத்னியல். "என்னைப் போலச் செய்யாதீங்க" என்று அவர்கள் பாஷையில் கத்தினேன். கிணற்றடிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு என்னைவிடக் கூச்சம்.

பாதித் தெரு போயிருப்பேன். துறைப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. தொப்பி, காமிரா, ஒரே நிறத்தில் மிதவைச் சட்டை. உல்லாசக் கப்பலின் ஆட்கள். போக இருந்த தீவில் அலை அதிகம் என்று இங்கே இறக்கிவிட்டார்களாம். கூட்டிவந்த அம்போன் பையன் பதறிப்போய், என்னைக் கையால் காட்டி, வரவேற்பு நடனம் என்று சொல்லிவிட்டான்.

கைதட்டினார்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார்கள். ஒரு கிழவி தாளத்துக்கு இடுப்பை ஆட்டினாள். எத்தனை நாள் இப்படி ஒரு கூட்டம் வராதா என்று துறையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். வந்தது பார், வருகிற நேரத்தில். தகரத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடினால் லா தாம்ரின் போக வேண்டியதுதான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமி வந்தாள். கையில் மண், முழங்கால்வரை சேறு. தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். காமிராவை மறைத்து நின்றாள்.

"இது ஆட்டம் இல்ல. இவ எங்க வீட்டு ஆளு. தப்பு செஞ்சிட்டா. அதான் நடக்கா."

அம்போன் பையன் மென்று விழுங்கினான். இங்கிலீஷ் அவனுக்கு அவ்வளவுதான். கூட்டம் என்னைப் பார்த்தது. இந்த ஊரில் விருந்தாளிகளுக்கு எதையும் விளக்கிச் சொல்கிற ஆள் நான்தானே. ஓட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே சொன்னேன். மாமி சொன்னதை அப்படியே சொன்னேன். இவள் எங்கள் வீட்டு ஆள் என்றேன். தப்பு செய்துவிட்டாள் என்றேன். 'இவள்' யார் என்று ஒருத்தி கேட்டாள். நான்தான் என்றேன்.

போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இடுப்பை ஆட்டிய கிழவி தொப்பியைக் கழற்றிக்கொண்டாள்.

மிச்சத் தெருவை நடந்தேன். கோடியில் லா தாம்ரின் பிரித்த கூரைக்கடியில் நின்றிருந்தான். அவன் முன்னால் நின்று கடைசியாக ஒரு தடவை கத்தினேன். அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை ஒத்னியல் சொன்னார்: "படக இறக்கிக்கோ." வா நூரி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, தராமல் திரும்பி உள்ளே போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் குடிக்காமலே வந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

முன் பெஞ்சில் உட்காரப் போனேன். அங்கே வேறு ஆள். பின்னால், மாமிக்குப் பக்கத்தில், பிள்ளைக்காரிகளோடு உட்கார்ந்தேன்.

அம்போன் பையன் ஆள் அனுப்பியிருக்கிறான்: தகரம் தட்டுவதை மாதம் ஒரு தடவை வைத்துக்கொள்ள முடியுமா என்று. ஒத்னியல் அந்த ஆளிடம், மாதா மாதம் தப்பு செய்ய ஊரில் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினாராம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கிணற்றடியில் வாளிக்காக வரிசையில் நின்றேன். வெகுநேரம் நின்றேன்.

லா தாம்ரின் கூரை போட்டுவிட்டான். தேங்காய் துருவியை எடுத்துப்போய் வா நூரியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 25, வியாழன்

மீன் குழம்பு வைத்தேன். மாமி ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளினாள்.

"என்னட்டி இது? கடலையே காய்ச்சி ஊத்திட்டியா? ரெண்டு வருசமா வாய மூடிட்டு இருக்கேன். சோத்தக் குழைய விடுத. துணிய மழையில விட்டுட்டு போனத் தூக்கிட்டு நிக்க. என் புள்ள கல்லறைக்குப் போட வேண்டிய டைல்ஸ ரெண்டு வாயில முழுங்கிட்டு, பழைய மீனுன்னு எங்கிட்டயே சொல்லுத. மிளகு வாடை எனக்குத் தெரியாதா?"

நிறுத்தவே இல்லை. நடுவில் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். மெல்கியையும் சேர்த்துத் திட்டினாள், கப்பலையும் திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்கும் கண்ணீர் கொட்டியது. ஆனால் அந்த இடத்தைவிட்டு நகர மனமில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன்.

"ஏட்டி, என்ன அங்க ஒரே சத்தம்?"

"மாமி ஏசுதாவ."

"எதுக்கு? உனக்கென்ன தலையெழுத்தா? இந்த மாசமே கிளம்பி வந்துரு."

"இருண்ணே, அவிய இன்னும் முடிக்கல" என்றேன்.

வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.